கண்ணுக்குள் மத்தாப்பு

கண்ணைத் திறக்காதீங்க என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் சுகந்திக்குக் கண்ணைத் திறந்தே ஆக வேண்டும்போல இருந்தது. கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து, திரும்பவும் விட்டிருந்தார்கள். வலது கண்ணில் மிஞ்சியது கன்னத்தில் இறங்கி உதட்டோரம் வந்து கசந்தது. துடைக்கலாமா கூடாதா என்று கேட்க மறந்துவிட்டாள். மதுரையில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மாடிக் கூடம் முழுக்க அவளைப்போலவே ஆட்கள் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். வரும்போது பார்த்தாள். மொத்தக் கூட்டமும் சாமி கும்பிடுவதுபோல இருந்தது, இல்லை, விடிகாலை பஸ்ஸில் தூங்குகிறவர்களைப்போல, இல்லை, கண்ணாமூச்சி விளையாட்டில் எல்லோருமே கண்ணைப் பொத்திக்கொண்டு ஒளிய ஆளில்லாமல் போனதுபோல. ஏன் ஏதாவது ஒன்றைப்போல இருக்க வேண்டும், கண் ஆஸ்பத்திரி கண் ஆஸ்பத்திரியாகவே இருந்துவிட்டுப் போகக் கூடாதா, இந்தப் புத்தி ஆச்சி கொடுத்தது, இந்த நேரத்தில்கூட விடமாட்டேன் என்கிறது. வலது ஓரத்தில் நெருப்புக்குச்சி உரசினதுபோல ஒரு கோடு வெளிச்சம் ஓடி மறைந்தது. மூடிய கண்ணுக்குள்ளேயே.  இது எத்தனையாவது, காலையிலிருந்து எண்ணக் கூடாது என்று வைத்திருக்கிறாள். வெளிச்சம்கூடப் பரவாயில்லை. மூக்கை ஒட்டிக் கீழ்மூலையில் வந்து நிற்கிற அந்த நிழல்தான். நேற்று அது எதிரில் நிற்கிறவரின் இடுப்பு மட்டத்துக்கு இருந்தது, காலையில் பஸ்ஸில் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தபோது எதிர் சீட்டுக்காரரின் சட்டைப் பையை எட்டியிருந்தது. இப்போது எங்கே இருக்கிறது. கண்ணைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்கக் கூடாது. பக்கத்தில் அம்மா மாரிக்கனி வயர்கூடையைத் துழாவும் சத்தம். "எலுமிச்சம்பழச் சோறு இருக்குடி. ஒரு வாய் வாங்கிக்கோ." "வேண்டாம்மா." "வெறும் வயித்துல மருந்து விட்டா கிறுகிறுங்கும்." "கண்ணுலதான் விட்டிருக்காங்க, வயித்துல இல்ல." சொன்ன பிறகு குரல் இவ்வளவு கடுகடுத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.  அம்மா கூடையை மூடும் சத்தம் கேட்டது.

மத்தாப்பு என்றுதான் ஆச்சி சொன்னாள். அப்பாவைப் பெற்ற தங்கபுஷ்பம் ஆச்சி, ஒல்லியாக, காதில் பாம்படம் கழற்றிய ஓட்டைகள் தொங்க, எந்நேரமும் எதையாவது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். வெங்காயம் உரித்தால் சருகைக் குப்பையில் போடமாட்டாள். ஜன்னலுக்கு நேரே பிடித்து, "இங்க வா தாயி, இது வழியா தெருவைப் பாரு, எல்லாரும் கல்யாண வீட்டுக்குப் போறாப்ல இருக்கும்" என்பாள். இளஞ்சிவப்பில் சைக்கிள்காரர் போவார், இளஞ்சிவப்பில் ஆடு போகும். சுவரில் ஓதம் ஏறினால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்வாள், "நாலு நாள் பொறுடி, ஓதத்துல வந்த யானைக்கு இன்னும் வால் வரல" என்று ஆச்சி சொல்வாள், அதோடு இருவருக்கும் ஒரு வாரம் பேச்சு இருக்காது. அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷின்காரர். மெஷின் ஓடத் தொடங்கும்போது மை சீராக விழுகிறவரைக்கும் நல்ல தாளை வீணாக்காமல், பழைய கழிவுத் தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். அதனால் ஒரே தாளில் முருகன் இருப்பார், அவர்மேல் பிஸ்கட் உறை இருக்கும், அதற்குமேல் ராக்கெட் வெடி லேபிள் தலைகீழாக விழுந்திருக்கும். அடுப்பு பற்றவைக்க என்று அப்பா கொண்டுவந்து போடுவார். ஆச்சி அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, நாடியில் விரலை வைத்து யோசித்து, "மயில் தோகையில பிஸ்கட் காய்ச்சுத் தொங்குது பாத்தியா" என்பாள். பிடித்ததை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, அடுப்படிச் சுவரில் ஒட்டுவாள். ஒன்றின் நீலம் பக்கத்துத் தாளின் நீலத்தில் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் உரித்துவிட்டு மறுபடி. தரையிலிருந்து அவள் கை எட்டுகிற உயரம்வரைக்கும் அந்தச் சுவர் அப்படி நிறைந்தது. நீலத்தில் எத்தனை நீலம் என்று சுகந்திக்குத் தெரிந்தது அந்தச் சுவரில்தான். இன்று ஒரு அச்சகத்தில் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து மெஜந்தா ஜாஸ்தி, மஞ்சள் பத்தாது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாளே, அது அந்த அடுப்படியில் படித்த படிப்பு. அந்த அடுப்படியில்தான் ஒரு மத்தியானம் ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சுளகை நிறுத்தினாள். "கண்ணுக்குள்ள யாரோ மத்தாப்பு கொளுத்துறாக தாயி." என்ன மத்தாப்பு, பச்சையா சிவப்பா என்று இவள் கேட்டாள். "வெள்ளைதான். ஓரத்துல மட்டும். கொளுத்தி அணைச்சிடுறாக." பிறகு கருஞ்சீரகம் தூவியிருக்கு என்றாள். பார்க்கிற இடமெல்லாம் கருஞ்சீரகம், தலையைத் திருப்பினா அதுவும் கூடவே வருது, நின்னா அது மட்டும் நிக்கமாட்டேங்குது. இவள் பொறாமையில் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள், தனக்கும் தெரியாதா என்று. அப்புறம் ஒரு நாள் ஆச்சி சோற்றுத் தட்டைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கோழி பார்க்கிற மாதிரி. "ஒரு கண்ணுல திரை போட்டாச்சு. நாடகம் முடிஞ்சுபோச்சு" என்றாள். சுகந்தி சிரித்தாள். சிரித்தாள்தான். அந்தச் சிரிப்பு இப்போது இந்த நாற்காலியில், இந்த டெட்டால் வாடையில், அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆச்சிக்கு அது நோய். இவளுக்கும் அதுதான். அதைத் தெரிந்துகொள்ள இவளுக்கு இவ்வளவு நாளா ஆக வேண்டும். முதல் தடவை வெளிச்சம் ஓடியபோது, அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது, சந்தோஷப்பட்டாள். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது வலது ஓரத்தில் பளிச். வானத்தில் மேகமில்லை. கையில் துணியோடு நின்று சிரித்தாள். ஆச்சி செத்து இத்தனை வருசம் கழித்து வந்து கூப்பிட்டதுபோல இருந்தது. அன்று சாப்பிடும்போது மகள் மதுமிதாவிடம் கதையாகச் சொன்னாள், ஆச்சியை, சுவரை, கருஞ்சீரகத்தை, மத்தாப்பை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண், இரண்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி, கண்ணாடியின் கனத்தில் கண் இரண்டும் சின்னதாகத் தெரியும். தோசையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் மூடாமல் கேட்டாள். கொஞ்ச நாளில், "அம்மா, எனக்கும் தெரியுதும்மா, மத்தாப்பு" என்றாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாளே. பெற்ற தாய் செய்கிற காரியமா அது. எனக்கும் தெரியுது என்று பிள்ளை சொல்கிறது, இவள் உச்சி முகர்கிறாள். எழுந்து ஓடியிருக்க வேண்டாமா, அப்போதே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா.   அதற்குப் பிறகும் நாட்கள் போயின. முந்தாநாள் அச்சகத்தில் சரஸ்வதி காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடது கண்ணை மூடி, அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை வலது கண்ணுக்குக் கொண்டுபோகப் போனவள், பாதியில் நிறுத்தி மெஷின்காரர் பரமசிவத்தைச் சத்தம் போட்டாள். "என்ன ஓட்டுறீங்க, வீணைக் குடத்துல மையே பிடிக்கல, சாம்பலா கெடக்கு." அவர் வந்து பார்த்தார். இன்னொரு தாளை உருவிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு சுகந்தி." "கீழ் மூலையைப் பாருங்கண்ணே." "பாத்துட்டேன்மா. நல்லாத்தான் இருக்கு." அவர் குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். சாம்பல் தாளோடு திரும்பவில்லை, அங்கேயே நின்றது. வீணைக்குப் பதில் இப்போது சரஸ்வதியின் கிரீடத்தைத் தின்றது. தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். கையிலும் இருந்தது.

இந்தக் கண் போனால் என்ன வேலை தெரியும் அவளுக்கு. ஒரு கண் போதாதா, ஆச்சி ஒரு கண்ணோடு இருக்கவில்லையா, ஆச்சிக்கு மெஜந்தா பார்க்க வேண்டியதில்லை, ஆச்சிக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கணவன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர்ப் பக்கம் போயிருக்கிறான், போனில் சொன்னதற்குப் போய்க் காட்டு என்று சொன்னான், அவன் குரலுக்குப் பின்னால் ஹாரன்களாகக் கேட்டது. ஆச்சிமேல் கோபம் வந்தது. செத்தவள்மேல் வருகிற கோபத்துக்குப் போக இடமில்லை, சுற்றிச் சுற்றி வந்து நெஞ்சிலேயே முட்டுகிறது. எல்லாவற்றையும் அழகு என்று சொல்லிச் சொல்லி, கண் அவிகிறதைக்கூட அழகு என்று சொல்லி, நான் அதை நம்பி, என் பிள்ளைக்கும் ஊட்டி. ஒரு வார்த்தை, இது நோய் தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்காது. பாவம், ஓதத்தில் யானை பார்த்ததுபோலத்தான் இதையும் பார்த்திருப்பாள். ஒருவேளை எல்லாமே கண்ணின் கோளாறுதானா, சுவர், மயில், வெங்காயச் சருகு, எல்லாம். அந்த நினைப்பு வந்ததும் காலுக்குக் கீழே தரை கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது. கண்ணைத் திறக்காமலே அம்மா இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஆச்சிக்கு எந்தக் கண்ணும்மா போச்சு?" "வலது." "அவளுக்கு அது நோய்னு தெரியாது, இல்ல?" அம்மாவின் வளையல் அசைந்து நின்றது. "தெரியாம என்ன. உங்க அப்பாவும் நானும் இதே மதுரைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம். வேற ஆஸ்பத்திரி. ஆபரேசன் பண்ணணும், பண்ணினாலும் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாதுன்னாக. வேண்டாம்னுட்டாக உங்க ஆச்சி." "ஏன்?" "பயம்." அம்மா அதைச் சாதாரணமாகச் சொன்னாள், உப்பு என்று சொல்கிற மாதிரி. "ஆச்சிக்கா?" "ஏன், உங்க ஆச்சிக்குப் பயம் இருக்கக் கூடாதா. கண்ணுக்குள்ள கத்தி போகும்னு டாக்டர் சொன்னதும் என் கையைப் பிடிச்சவுக, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடல. அதுக்கு முன்னாடி என் கையை அவுக தொட்டதே கிடையாது. நீ பள்ளிக்கூடம் போன பெறகு அடுப்படியில உக்காந்து அழுவாக, மூக்கைச் சிந்திச் சிந்தி. நீ வந்ததும் மத்தாப்பு, கருஞ்சீரகம்னு கதை. நான் கேட்டேன், ஏன் அத்தை, பிள்ளைகிட்ட இப்படிச் சொல்றீகன்னு. அது பயந்துக்கிடும்டி, அப்படின்னாக. சட்டியைக் கழுவி வச்சாக. பெறகு அவுகளாத்தான் சொன்னாக, சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் கொறையுதுன்னு."

கொறையுது. ஆச்சி மூக்கைச் சிந்துவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்படியென்றால் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு இவள் ஓடி வந்து மடியில் விழும்போது அந்த முந்தானை ஈரமாக இருந்திருக்கும். இருந்ததா. அரிசி கழுவின ஈரம் என்று நினைத்திருப்பாள். யானையும் மயிலும் கண் கெடுவதற்கு ரொம்ப முன்னால், ஆமாம், இவள் பேச்சுப் பழகுவதற்கு முன்னாலேயே சுவரில் பாதி நிறைந்திருந்தது, அம்மாவே சொல்லித் திட்டியிருக்கிறாள். அது கோளாறில்லை. அதையெல்லாம் ஆச்சி கண்டாள். மத்தாப்பை மட்டும் அவள் கண்டதில்லை, தானே செய்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, ஒரு பிள்ளை வீடு திரும்புகிற நேரத்துக்குள் செய்து வைத்தாள். கோபம் போய்விட்டதா என்று பார்த்தாள், போகவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. "சுகந்தி, சுகந்தி யாரும்மா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தாள். கூடம் முழுக்க வெள்ளை நுரை, ஆட்கள் எல்லாம் கரைந்து நின்றார்கள். வலது கண்ணுக்கு, அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நெற்றி மட்டும் இருந்தது, அதற்குக் கீழே சாம்பல். அம்மா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். இருட்டு அறை. டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தார், வெளிச்சம் மூளைவரைக்கும் போய் இடித்தது. மேல பாருங்க, வலது மேல, இன்னும், அப்படியே வச்சுக்குங்க. இமைமேல் எதையோ வைத்து அழுத்தினார். வலியில் காலை மடக்கினாள். அவர் பேசாமல் பார்த்தார். பேசாமல் பார்க்கிறவர் எதைப் பார்க்கிறார். விளக்கை அணைத்துவிட்டு, "எத்தனை நாளா இருக்கு?" என்றார். முந்தாநாள்தான் என்று சொல்ல நாக்கு வந்தது. "வெளிச்சம் வந்து மூணு வாரம் இருக்கும் சார். நிழல் முந்தாநாள் பார்த்தேன்." "உடனே வந்திருக்கணும். வீட்ல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" "எங்க ஆச்சிக்கு. அப்பாவோட அம்மா. ஒரு கண் போயிடுச்சு." சொல்லிவிட்டாள். இத்தனை வருசத்தில் ஆச்சியைப் பற்றி மயில் இல்லாமல், நீலம் இல்லாமல் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். "விழித்திரை கிழிஞ்சு உரிஞ்சுக்கிட்டு வருதும்மா. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு, அதுதான் முக்கியம். அது உரியிறதுக்குள்ள ஆபரேசன் பண்ணிடணும். இன்னைக்கே." "பண்ணினா சரியாயிடுமா சார்?" "நிறைய பேருக்கு ஆகுது. உங்களுக்கு ஆகும்னு சத்தியம் பண்ண முடியாது." வேண்டாம் என்ற சொல் முழுசாக வாயில் வந்து நின்றது. ஆச்சியின் குரலிலேயே வந்தது. அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், அவள் கை இவள் தோளில் கனமாக இருந்தது. "பண்ணிடுங்க" என்றாள் சுகந்தி. "பிள்ளைங்க இருக்காங்களா? கண்ணாடி போட்டிருக்காங்களா?" "ஒரு பொண்ணு. பவர் ஜாஸ்தி." நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "அவளுக்கும் வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னா சார்." டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எப்ப சொன்னா? இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

வெளியே வந்து போனைக் கையில் எடுத்தால் திரை வெறும் பால். எழுத்தே இல்லை. அந்த நர்ஸ்தான் வாங்கி மதுமிதா பெயரைத் தேடி அழுத்திக் காதில் வைத்துவிட்டாள். பள்ளி விடுமுறை, இந்நேரம் டி.வி. முன்னால் இருப்பாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பிள்ளை ஏன் எடுக்கமாட்டேன் என்கிறது, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டாளா, படியில் இறங்கும்போது நிழல் வந்து மறைத்து, "அம்மா, சொல்லும்மா, டாக்டர் என்ன சொன்னாக?" "மது, ஒண்ணு கேப்பேன். உண்மையைச் சொல்லணும். கண்ணுல வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னியே. இப்பவும் தெரியுதா? எந்தக் கண்ணுல?" அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. "ஏம்மா?" "கேக்குறதுக்குச் சொல்லுடி." "திட்டமாட்டியே?" "மது." "சும்மாதான்மா சொன்னேன். ஒண்ணுமே தெரியல. எவ்வளவு கண்ணைக் கசக்கியும் தெரியல." பிறகு அவளே சொன்னாள். "நீ அந்தக் கதையைச் சொன்னப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்த. எனக்கும் தெரியுதுன்னா இன்னும் சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்." சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  அழுகிறாளா மருந்து வழிகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை, பக்கத்தில் அம்மா "என்னடி, என்ன சொல்றா, ஏன்டி" என்று முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். ஒண்ணுமில்லையாம் அம்மா, பொய் சொல்லியிருக்கா, என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா "அந்த மட்டும் நல்லதாப் போச்சு" என்று சொல்லி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி, ஆனாலும் உன் கண்ணைக் காட்டணும்" என்று சுகந்தி போனில் சொன்னாள். "சித்தப்பாவைக் கூட்டிட்டு மதுரைக்கு வா. எனக்கு இன்னைக்கு ஆபரேசன்." "இன்னைக்கேயா?" போனை இன்னொரு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. "உனக்குப் பயமா இருக்காம்மா?" ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பி வந்தது, அழகான ஒன்று, பிள்ளைக்குச் சொல்லத் தோதாக, சிரிக்கிற மாதிரி, வாய்வரைக்கும் வந்துவிட்டது. "இருக்குடி" என்றாள். "ரொம்ப பயமா இருக்கு." "வச்சிராதம்மா. பேசிக்கிட்டே இரு, நான் வாரேன்." நாற்காலி இழுபடும் சத்தம். "சித்தப்பா வீட்டுக்குத்தான் போறேன். செருப்பு போட்டுட்டேன். கதவைப் பூட்டுறேன்மா. பூட்டிட்டேன். தெருவுக்கு வந்துட்டேன்." நர்ஸ் பச்சைத் துணி ஒன்றைக் கையில் கொடுத்து, போனை உள்ளே கொண்டுபோக முடியாதுக்கா என்றாள். சுகந்தி இன்னும் கொஞ்சம் காதிலேயே வைத்திருந்தாள். ரைஸ்மில்லைத் தாண்டிட்டேன்மா, நடக்கல, ஓடுறேன், கேக்குதா. கேக்குது என்று சொல்லிப் போனை அம்மா இருக்கிற பக்கம் நீட்டினாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுகந்திக்குப் பின்னால் கதவு மூடுகிறபோது, போனில் பேசினால் எப்போதும் கத்துகிற அம்மா, கத்தினாள்: "நான் ஆச்சி பேசுறேன் தாயி. சொல்லு, எங்க வந்துட்ட?"